கான்ஸ்டான்டிநோபிள் 1204: கடனுக்கு ஜப்தி ஆன தலைநகரம்

கான்ஸ்டான்டிநோபிள் (இன்னிக்கு இஸ்தான்புல், அப்ப கிரேக்கங்களோட பைசாந்தியப் பேரரசுக்குத் தலைநகரம்) வீழ்ச்சின்னு சொன்னாலே எல்லாருக்கும் 1453தான் ஞாபகம் வரும், சுல்தான் மெஹ்மத், ராட்சச பீரங்கி, கப்பலை தரை மேல இழுத்துட்டுப் போனது, அந்தக் கதை. நல்ல கதைதான், ஆனா 1453ல விழுந்தது ஏற்கனவே பாதி காலியா கிடந்த ஊரு. அந்த ஊரோட முதுகெலும்பை நிஜமா முறிச்சது அதுக்கு 249 வருஷம் முன்னாடி, 1204 ஏப்ரல்ல. முறிச்சது துருக்கியரும் இல்ல, தோள்ல சிலுவைத் துணி தைச்சுக்கிட்டு ஜெருசலேமை மீட்கப் போறோம்னு சத்தியம் பண்ணிக் கிளம்பின நாலாவது சிலுவைப் படை. கிறிஸ்தவ உலகத்துலயே பெரிய நகரத்தை கிறிஸ்தவங்களே மூணு நாள் சூறையாடினாங்க.

ஏன்னு கேட்டா ரெண்டு ரெடிமேட் பதில் சுத்திக்கிட்டு இருக்கு. வெனிஸ்காரங்க ஆரம்பத்துல இருந்தே போட்ட பிளான்னு ஒரு கோஷ்டி, ரோம் சபைக்கும் கிரேக்க சபைக்கும் இருந்த பழைய பகைன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த மூணு வருஷத்துப் பணக் கணக்கை மட்டும் தனியா எடுத்து வரிசையா வச்சுப் பாருங்க, யார் யாருக்கு எவ்வளவு தரணும், யார் யாருக்காக வாக்கு கொடுத்தாங்க, எப்ப தவணை தவறுச்சுன்னு. எனக்கு இது கடைசி வரைக்கும் ஒரு கடன் வசூல் கேஸாதான் தெரியுது. ஆளுங்க கெட்டவங்களா இருந்தாங்களாங்கிறதை விட, ஒவ்வொருத்தனும் முந்தின கடனை அடைக்க அடுத்த கடனுக்குள்ள இறங்கினான்ங்கிறதுதான் இதுல பெரிய விஷயம்.

மதில் இருந்துச்சு, கப்பல் இல்ல

ஊரைப் பத்தி முதல்ல. 330ல கான்ஸ்டன்டைன் தலைநகரமா ஆக்கின இடம். முக்கோணம் மாதிரி நிலம், தெற்குல மர்மரா கடல், வடக்குல கோல்டன் ஹார்ன்ங்கிற நீளமான கடல் கழி, மேற்குல மட்டும்தான் தரை. அந்தத் தரைப் பக்கம் 5ஆம் நூற்றாண்டுல இரண்டாம் தியோடோசியஸ் காலத்துல கட்டின மதில், கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் நீளம், அகழி, வெளி மதில், உள் மதில்னு அடுக்கடுக்கா. அவார்கள், அரேபியர், பல்கேரியர், ரஷ்யர்னு யார் யாரோ வந்து முட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க, 800 வருஷத்துக்கும் மேல எந்த அந்நியப் படையும் அந்த ஊரைப் பிடிச்சதே இல்ல.

கோல்டன் ஹார்ன் பக்கம் மட்டும் ஒத்தை மதில். அது போதும்னு விட்டதுக்குக் காரணம் உண்டு, அந்தக் கழியோட வாய்ல பெரிய இரும்புச் சங்கிலி கட்டியிருப்பாங்க, ஒரு முனை நகரத்துல, இன்னொரு முனை எதிர்க்கரைல இருக்கற கலாட்டா கோபுரத்துல, அதைத் தாண்டி எதிரி கப்பல் உள்ள வர முடியாது, வந்தாலும் நம்ம கப்பற்படை பாத்துக்கும்னு நினைப்பு.

அந்தக் கப்பற்படைதான் இல்லாம போச்சு. 1082லயே நார்மன்களுக்கு எதிரா உதவி வேணும்னு வெனிஸுக்கு வரி இல்லாத வியாபார சலுகையை தூக்கிக் கொடுத்தாங்க, அதுல இருந்து கடல்னாலே வெனிஸை நம்புறதுன்னு ஒரு பழக்கம். பேரரசர் மூன்றாம் அலெக்ஸியோஸ் ஆட்சில கப்பற்படைத் தலைவனா இருந்தவன் மிக்கேல் ஸ்ட்ரிஃப்னோஸ், பேரரசியோட கூடப்பிறந்தவளைக் கட்டினவன், இவன் நங்கூரம், பாய், கயிறுன்னு எதையும் விடாம வித்துத் தின்னான்னு அந்தக் காலத்து அதிகாரியும் வரலாறு எழுதினவருமான நிகேதாஸ் கோனியாதேஸ் வயிறெரிஞ்சு எழுதியிருக்காரு. கப்பல் கட்ட மரம் வெட்டலாம்னா காட்டுக் காவல் அதிகாரிங்க அது ராஜா வேட்டையாடற காடு, தொடக் கூடாதுன்னு தடுத்தாங்களாம். எதிரி வாசலுக்கு வந்தப்ப மிச்சம் இருந்தது பூச்சி அரிச்ச 20 கப்பல். ஒரு பேரரசோட கடற்படை, 20.

வெனிஸோட பழைய கணக்கும் ஒண்ணு நிலுவைல இருந்துச்சு. 1171ல பேரரசர் மானுவேல் ஒரே நாள்ல நாடு முழுக்க இருந்த வெனிஸ்காரங்களைப் பிடிச்சு உள்ள போட்டு சொத்தைப் பறிமுதல் பண்ணினார், அதுக்கு நஷ்ட ஈடு தர்றோம்னு பின்னாடி ஒத்துக்கிட்டு பல வருஷம் இழுத்தடிச்சாங்க. 1182ல ஊருக்குள்ள இருந்த லத்தீன்காரங்களை, அதாவது ரோம் சபையைச் சேர்ந்த மேற்கு ஐரோப்பியர்களை, முக்கியமா பீசா, ஜெனோவா ஆளுங்களை, கும்பல் கும்பலா வெட்டிப் போட்டாங்க. இதெல்லாம் மேற்குல யாரும் மறக்கல.

85,000 மார்க்

இப்ப கேஸுக்கு வருவோம். போப் மூன்றாம் இன்னொசென்ட் 1198ல புதுசா சிலுவைப் போர் அறிவிச்சார். பிரெஞ்சு பிரபுக்கள் ஆறு தூதர்களை வெனிஸுக்கு அனுப்பினாங்க, அதுல ஒருத்தர் வில்லார்துவான், பின்னாடி இந்தக் கதை முழுசையும் எழுதி வச்சவர். 1201ல ஒப்பந்தம். குதிரை வீரர் 4,500, அவங்க உதவியாளர் 9,000, காலாள் 20,000, குதிரை 4,500. ஆளுக்கு 2 மார்க், குதிரைக்கு 4 மார்க். கூட்டிப் பாருங்க, கரெக்டா 85,000 வெள்ளி மார்க் வரும், எடைல கிட்டத்தட்ட 20 டன் வெள்ளி. இதுக்கு மேல வெனிஸ் தன் செலவுல 50 போர்க் கப்பல் அனுப்பும், பிடிக்கிறதுல பாதி வெனிஸுக்கு. வெனிஸ் தலைவர் டோஜே என்ரிகோ டான்டோலோ, கண் தெரியாதவர், 90 வயசை ஒட்டினவர், மூளை மட்டும் கத்தி.

இதுல பெரிய ஓட்டை எங்கன்னா, அந்த 33,500ங்கிற ஆள் கணக்கு வெறும் குத்துமதிப்பு. வர்றேன்னு சொன்ன யாரும் வெனிஸ் வழியாதான் வரணும்னு கையெழுத்துப் போடல. ஆறு பேரு போய் மத்தவங்க தலைல கடனை எழுதிட்டு வந்துட்டாங்க. 1202 கோடைல வெனிஸுக்கு வந்து சேர்ந்தது மூணுல ஒரு பங்குதான், மத்தவன் மார்செய்ல ஏறினான், வேற துறைமுகத்துல ஏறினான், பாதிப் பேரு கிளம்பவே இல்ல. கல்யாணத்துக்கு ஆயிரம் இலை சொல்லிட்டு முன்னூறு பேர் வந்தா எப்படி, அதேதான், சமையல்காரர் சமைச்சு முடிச்சுட்டார், அவர் காசு கேக்காம என்ன பண்ணுவார்? வெனிஸ் தன் வியாபாரத்தை எல்லாம் ஓரமா வச்சுட்டு ஒரு வருஷமா கப்பல் கட்டியிருந்துச்சு. பிரபுக்கள் தட்டு, டம்ளர் வரைக்கும் வெள்ளிப் பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தும் 34,000 மார்க் பாக்கி.

இங்க டான்டோலோ மேல கோவப்படறவங்க ஒண்ணு யோசிக்கணும். அவரு படையைக் கலைச்சு விட்டிருந்தா வாங்கின காசை வச்சுக்கிட்டு மீதிக்கு வெனிஸ் திவால் ஆகியிருக்கும். அதனால வேற வழி சொன்னார்: பாக்கியை இப்ப தர வேணாம், போற வழில ஜாரா ஊரைப் பிடிச்சுக் குடுங்க, கெடு தள்ளி வைக்கிறேன். ஜாரா அட்ரியாட்டிக் கரைல, வெனிஸை விட்டுப் பிரிஞ்சு ஹங்கேரி ராஜா பாதுகாப்புக்குப் போன கிறிஸ்தவ ஊரு, அந்த ஹங்கேரி ராஜாவே சிலுவை எடுத்தவர். கூடவே கூடாதுன்னு போப் கடிதம் போட்டார். ஊர்க்காரங்க மதில்ல சிலுவையைத் தொங்க விட்டாங்க, நாங்களும் உங்க மதம்தான்டான்னு காட்ட. 1202 நவம்பர்ல அந்த ஊரை அடிச்சுப் பிடிச்சாங்க. சைமன் டி மான்ட்ஃபோர்ட் மாதிரி சிலர் இது நம்மால ஆகாதுன்னு விலகிட்டாங்க, மிச்சப் பேரு விலகல. போப் எல்லாரையும் சபையை விட்டு விலக்கி வச்சார், அப்புறம் பிரெஞ்சுக்காரங்க மன்னிப்புக் கேட்டதும் அவங்களை மட்டும் விட்டுட்டார். அந்த இடத்துலதான் முதல் கோடு தாண்டினாங்கன்னு நினைக்கிறேன், அதுக்கப்புறம் ரெண்டாவது கோடு தாண்டறது அவ்வளவு கஷ்டமா இல்ல.

பாக்காத கஜானா மேல போட்ட கையெழுத்து

ஜாராவுல குளிர்காலத்துக்குத் தங்கியிருக்கறப்ப ஒரு தூது வந்துச்சு. அனுப்பினது அலெக்ஸியோஸ் ஆஞ்சலோஸ், இருபது வயசு ஒட்டின பையன். இவன் அப்பா இரண்டாம் ஐசாக் பேரரசரா இருந்தவர், 1195ல சொந்த அண்ணனே அவர் கண்ணைக் குருடாக்கி ஜெயில்ல போட்டுட்டு மூன்றாம் அலெக்ஸியோஸ்னு பட்டம் கட்டிக்கிட்டான். பையன் 1201ல பீசா கப்பல்ல தப்பிச்சு, ஜெர்மனில அக்கா வீட்டுக்காரர் ஸ்வாபியா ஃபிலிப் கிட்ட போய் ஒட்டிக்கிட்டான். என்னையும் அப்பாவையும் அரியணைல உக்கார வைங்க, 2,00,000 மார்க் தர்றேன், படை முழுசுக்கும் சாப்பாடு, படை முதல்ல இறங்கறதா இருந்த எகிப்துக்கு 10,000 வீரர் ஒரு வருஷத்துக்கு, புனித பூமில 500 குதிரை வீரர் என் ஆயுசு முழுக்க, கிரேக்க சபையை ரோமுக்குக் கீழ கொண்டு வர்றேன்னான். இதுல எதையும் அவனால தர முடியாது. கஜானால எவ்வளவு இருக்குன்னே தெரியாது, அவன் அதைக் கண்ணால பாத்ததில்ல.

தலைவர்கள் ஒத்துக்கிட்டாங்க, ஏன்னா பாக்கி 34,000, வரப் போறது 2 லட்சம். சாதாரண சிப்பாய்ங்க ஒத்துக்கல. கோர்ஃபூ தீவுல பாதிப் படைக்கு மேல பிரிஞ்சு போறோம்னு கிளம்பிட்டாங்க, பிரபுக்கள், பிஷப்புங்க எல்லாம் அவங்க முன்னாடி மண்டி போட்டு அழுது காலைப் பிடிச்சு, செப்டம்பர் கடைசி வரைக்கும் இருங்க, அப்புறம் எப்ப கேட்டாலும் 15 நாள்ல கப்பல் தர்றோம்னு சத்தியம் பண்ணிதான் நிறுத்தினாங்க.

1203 ஜூன் கடைசில நகரம் கண்ணுல பட்டுச்சு. அப்பேர்ப்பட்ட ஊரு உலகத்துல இருக்கும்னு நாங்க நினைச்சதே இல்ல, எவ்வளவு தைரியசாலியா இருந்தாலும் உடம்பு நடுங்காதவன் இல்லங்கற மாதிரி வில்லார்துவான் எழுதறார். அப்புறம் செஞ்ச வேலை கொஞ்சம் சிரிப்பு வர்ற மாதிரி இருக்கும். பையனைக் கப்பல்ல நிறுத்தி மதிலுக்குக் கிட்ட கொண்டுபோய், இதோ உங்க நிஜமான ராஜான்னு காட்டினாங்க. ஜனங்க கதவைத் திறந்துட்டு ஓடி வருவாங்கன்னு அவன் சொல்லியிருந்தான். மேல நின்ன ஜனங்க யாருடா இவன், எங்களுக்குத் தெரியாதேன்னுட்டாங்க.

ஜூலை 5 கலாட்டா பக்கம் இறங்கினாங்க, அடுத்த நாள் கோபுரம் விழுந்துச்சு, சங்கிலி போச்சு, வெனிஸ் கப்பல் முழுசும் கோல்டன் ஹார்னுக்குள்ள. அந்த ஒத்தை மதில் இப்ப எதிரிக்கு முன்னாடி வெறுமனே நிக்குது. ஜூலை 17 ரெண்டு பக்கமும் தாக்குதல். தரைப் பக்கம் பிளாக்கர்னே அரண்மனை கிட்ட ஏணி வச்ச பிரெஞ்சுக்காரங்களை வராங்கியக் காவல்படை, அதாவது கூலிக்கு வந்த ஆங்கிலேயர், டேனிஷ்காரங்க, கோடாலியால அடிச்சு இறக்கினாங்க. கடல் பக்கம் வெனிஸ் படகுங்க தயங்கினப்ப, கண் தெரியாத டான்டோலோ கப்பல் முனைல நின்னுக்கிட்டு புனித மார்க் கொடியோட என்னைக் கரைல இறக்குங்கடான்னு கத்தினார், கிழவன் இறங்கினதைப் பாத்துட்டு மத்தவன் சும்மா இருக்க முடியுமா, 25 கோபுரத்தைப் பிடிச்சுட்டாங்க. எதிர்த்தாக்குதலைத் தடுக்கத் தீ வச்சாங்க, ஊருக்கு அது முதல் தீ.

அன்னிக்கு சாயங்காலம் மூன்றாம் அலெக்ஸியோஸ் பெரிய படையோட வெளிய வந்தான், பிரெஞ்சுக்காரங்களை விட எத்தனையோ மடங்கு. அவங்ககிட்ட மூணு வார மாவும் உப்புப் போட்ட பன்றிக்கறியும்தான் மிச்சம், கறி வேணும்னா செத்த குதிரை. ஒரு தள்ளு தள்ளியிருந்தா முடிஞ்சிருக்கும். நின்னு பாத்துட்டு திரும்பிட்டான். ராத்திரி 1,000 பவுண்டு தங்கம், நகை, ஒரு மகள், இதை மட்டும் எடுத்துக்கிட்டு ஊரையும் பொண்டாட்டியையும் விட்டுட்டு ஓடிப் போனான்.

வசூல்

காலைல குருட்டு ஐசாக்கை ஜெயில்ல இருந்து கூட்டி வந்து அரியணைல வச்சுட்டாங்க ஊர்க்காரங்க. இது சிலுவைப் படைக்கு சங்கடம், அவங்க ஒப்பந்தம் பையனோட. தூதர்கள் போய் ஷரத்தைப் படிச்சுக் காட்டினாங்க, இது ரொம்பப் பெரிய பாரம், எப்படி நிறைவேத்தறதுன்னு தெரியலன்னு ஐசாக் சொன்னாலும் வேற வழியில்லாம முத்திரை வச்சார். ஆகஸ்ட் 1 பையனுக்கு நான்காம் அலெக்ஸியோஸ்னு பட்டாபிஷேகம்.

பேசினதுல கிட்டத்தட்ட பாதி, 1,00,000 மார்க் கொடுத்தான். அதுல முதல்ல பாதி வெனிஸுக்கு, மிச்சத்துல இருந்து அந்தப் பழைய பாக்கி, அதுவும் வெனிஸுக்கு. மூலக் கடன் அங்கேயே தீர்ந்து போச்சு, கவனிங்க. படை அப்பவே கப்பல் ஏறியிருக்கலாம். ஆனா மீதி 1,00,000 இருக்கே, அதை யாரு விடுவா? பையனுக்கும் அவங்க போகக் கூடாது, போனா ஊர்க்காரங்க இவனைக் கொன்னுடுவாங்க. மார்ச் வரைக்கும் இருங்க, கப்பல் வாடகையை இன்னொரு வருஷத்துக்கு நானே தர்றேன்னான். கடன் அடைக்க டைம் கேட்டான், அந்த டைமுக்கும் தனியா காசு.

காசுக்கு எங்க போறது? சர்ச்சுல இருந்த படங்களோட தங்க வெள்ளிக் கவசத்தை உரிச்சான், பூஜைப் பாத்திரத்தை எல்லாம் உருக்கினான். பக்தியுள்ள ஒரு ஊர்ல இதை விட சீக்கிரமா பேரைக் கெடுத்துக்கற வழி கிடையாது. அதே ஆகஸ்ட்ல லத்தீன்காரங்க கொஞ்சப் பேரு படகுல வந்து ஊருக்குள்ள இருந்த மசூதி ஒண்ணைக் கொள்ளையடிக்கப் போனாங்க, முஸ்லிம்களுக்கு ஆதரவா கிரேக்கங்களும் சேர்ந்து சண்டை போட்டாங்க, பின்வாங்கறப்ப இவங்க தீ வச்சாங்க. காத்து வேற. கோல்டன் ஹார்ன் பக்கம் பிடிச்ச தீ ஊரைக் குறுக்க வெட்டிக்கிட்டு மர்மரா கடல் வரைக்கும் போச்சு. இதுக்கப்புறம் ஊருக்குள்ள தலைமுறையா இருந்த லத்தீன் குடும்பங்களும் பயந்து எதிர்க்கரை முகாமுக்கே போயிட்டாங்க, வில்லார்துவான் கணக்குல 15,000 பேர். உள்ள இருந்துக்கிட்டே ரெண்டு பக்கமும் பேசக் கூடிய ஆளுங்க அவங்கதான், அவங்களும் போயாச்சு. வெறி பிடிச்ச ஒரு கும்பல் அதீனா வெண்கலச் சிலையை உடைச்சுப் போட்டுச்சு, நீட்டின கையால அது மேற்குப் படையைக் கூப்பிடுதாம்.

டிசம்பர்ல தவணை சுத்தமா நின்னு போச்சு. தூதர்கள் பிளாக்கர்னே அரண்மனைக்கே போய் சபை நடுவுல, காசு வரலன்னா இனி நாங்களே எடுத்துக்குவோம்னு பேரரசன் முகத்துக்கு நேரா சொன்னாங்க. இப்படி எவனும் அங்க பேசினதில்லன்னு சபையே கொந்தளிச்சுச்சு. தனியா ஒருதரம் கரையோரமா சந்திச்சப்ப டான்டோலோ, உன்னை சாணியில இருந்து தூக்கினோம், திருப்பி சாணியிலயே தள்ளுவோம்னு திட்டினதா ரொபேர் த கிளாரி எழுதறார். இவர் ஏழை வீரர், தலைவர்கள் கூட்டத்துல எல்லாம் உக்காந்தவர் இல்ல, அதனாலயே இவர் எழுதினதைப் படிக்க எனக்குப் பிடிக்கும், முகாம்ல சாதாரண ஆளு என்ன பேசிக்கிட்டான்னு தெரியும்.

1204 ஜனவரி 1 ராத்திரி கிரேக்கங்க 17 கப்பல்ல விறகையும் தாரையும் அடுக்கிக் கொளுத்தி, காத்து போற பக்கம் வெனிஸ் கப்பல்களை நோக்கி விட்டாங்க. வெனிஸ்காரங்க சின்னப் படகுல ஏறி எரியற கப்பலைக் கொக்கி போட்டு இழுத்து வெளிய விட்டாங்க, போனது ஒரே ஒரு பீசா வணிகக் கப்பல். மாசக் கடைசில ஊரே பொங்கிடுச்சு. ஊரோட பெரிய தேவாலயமான ஹேகியா சோபியாவுல கூட்டம் கூடி, வேண்டவே வேண்டாம்னு கெஞ்சின நிக்கோலாஸ் கனபோஸ்ங்கற பையனைப் பேரரசனாக்கினாங்க. அந்தக் குழப்பத்துல அலெக்ஸியோஸ் டூகாஸ், புருவம் ரெண்டும் ஒட்டியிருக்கும்னு மூர்ட்ஸூஃப்ளோஸ்னு பட்டப்பேர், நான்காம் அலெக்ஸியோஸைப் பிடிச்சு உள்ள வச்சுட்டு பட்டம் கட்டிக்கிட்டான். பிப்ரவரி 8 அவனைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டாங்க. ஐசாக்கும் அந்த நாள்களையொட்டி செத்துப் போனார்.

இப்ப கடனாளி இல்ல. பத்திரத்துல கையெழுத்துப் போட்டவன் பொணமாயிட்டான், புது ஆளு நான் தர மாட்டேன்னுட்டான். கையில காசில்ல, சாப்பாடு இல்ல, குளிர்காலம், பின்னாடி கடல். மார்ச்ல பிரபுக்களும் டான்டோலோவும் உக்காந்து ஒரு ஒப்பந்தம் எழுதினாங்க, அதைப் படிச்சா ரத்தம் உறையும், அவ்வளவு நிதானமா இருக்கு. ஊரைப் பிடிச்சதும் கொள்ளையை ஒரே இடத்துல குவிக்கணும். செத்தவன் தர வேண்டிய கடன் அடையற வரைக்கும் நாலுல மூணு பங்கு வெனிஸுக்கு, ஒரு பங்கு மத்தவங்களுக்கு, அதுக்கு மேல வர்றது சரிபாதி. புதுப் பேரரசரை 6 வெனிஸ்காரங்களும் 6 பிரெஞ்சுப் பக்கத்து ஆளுங்களும் தேர்ந்தெடுப்பாங்க. அவருக்கு நாட்டுல கால் பங்கு, மிச்சம் ஆளுக்குப் பாதி. பெண்களையும் பாதிரிகளையும் தொட மாட்டோம்னு ஒரு சத்தியம் வேற. மதில் இன்னும் விழல, அதுக்குள்ள பாகப்பிரிவினை.

ஏப்ரல்

மூர்ட்ஸூஃப்ளோஸ் சும்மா இல்ல. பணக்காரங்க சொத்தைப் பறிச்சு மதில் மேல மரக் கோபுரம் அடுக்கடுக்கா ஏத்தினான், தானே கதாயுதம் எடுத்துக்கிட்டு சுத்தினான். ஏப்ரல் 9 தாக்குதல் தோத்துப் போச்சு, மதில்ல நின்னவங்க கால்சட்டையை இறக்கி பின்பக்கத்தைக் காட்டி கேலி பண்ணினாங்க. முகாம்ல ஆளுங்க சோர்ந்துட்டாங்க, கடவுளுக்கே பிடிக்கலயோன்னு பேச ஆரம்பிச்சாங்க. 11ஆம் தேதி ஞாயித்துக்கிழமை பிஷப்புங்க பிரசங்கம் பண்ணினாங்க, கிரேக்கங்க சபையை விட்டுப் பிரிஞ்சவங்க, ராஜாவைக் கொன்னவங்க, இது பாவமே இல்லன்னு. கிறிஸ்தவங்களைத் தாக்காதீங்கன்னு போப் தெளிவா எழுதியிருந்தது அந்தப் பிரசங்கத்துல வரல.

12ஆம் தேதி திங்கட்கிழமை. பெரிய கப்பல்களை ரெண்டு ரெண்டா சேர்த்துக் கட்டியிருந்தாங்க, ஒரு கோபுரத்தை ஒரே நேரத்துல ரெண்டு கப்பல் அடிக்கற மாதிரி. மதியத்துக்கு மேல வடக்குக் காத்து எழும்பி கப்பலைக் கரைக்குத் தள்ளுச்சு. சேர்த்துக் கட்டின பில்கிரிம், பாரடைஸ்னு ரெண்டு பிஷப் கப்பல் போய் ஒரு கோபுரத்துல மோதிச்சு, முதல்ல தாவின வெனிஸ்காரனை வெட்டிப் போட்டுட்டாங்க, அடுத்து தாவின பிரெஞ்சு வீரன் எந்திரிச்சு நின்னுட்டான்.

ஊரு திறந்தது ஆனா அங்க இல்ல. கீழ, மதில்ல செங்கல் வச்சு அடைச்சிருந்த ஒரு சின்னக் கதவு. அமியான் பியர்ங்கிற பிரபுவோட 10 குதிரை வீரரும் 60 காலாளும் கடப்பாரை, கோடாலி, கட்டைன்னு கிடைச்சதை வச்சு அந்தச் செங்கலைக் குத்தினாங்க, மேல இருந்து கல்லும் கொதிக்கற தாரும் விழுது, கேடயத்தைத் தலை மேல பிடிச்சுக்கிட்டு. ஒரு ஆள் நுழையற அளவு ஓட்டை விழுந்துச்சு. எட்டிப் பாத்தா உள்ள பாதி உலகமே நிக்கற மாதிரி கூட்டம், ஒருத்தனும் போகல. அப்ப ரொபேரோட கூடப்பிறந்தவன் அலோம், அவன் ஒரு பாதிரி, நான் போறேன்னு குனிஞ்சான். ரொபேர் வேணாம்டான்னு அவன் காலைப் பிடிச்சு இழுக்கறான், இவன் உதறிட்டு தவழ்ந்து உள்ள போயிட்டான். உள்ள போய் கத்தியை உருவிக்கிட்டு நேரா அந்தக் கூட்டத்தை நோக்கி ஓடினான், கூட்டம் மாட்டு மந்தை மாதிரி சிதறி ஓடிச்சு. வாங்கடா ஒருத்தனும் நிக்கலன்னு வெளிய பாத்துக் கத்தினான். 800 வருஷ மதிலுக்கு முடிவு அதுதான்.

அந்த ராத்திரி சிலுவைப் படை மதிலை ஒட்டியே படுத்துச்சு, இந்த ஊரைத் தெருத் தெருவா பிடிக்க ஒரு மாசம் ஆகும்னு பயம். பயத்துல மூணாவது தீயும் வச்சாங்க. மூணு தீயையும் சேர்த்தா பிரான்ஸோட மூணு பெரிய ஊர்ல இருக்கற வீட்டை விட அதிகம் எரிஞ்சுச்சுன்னு வில்லார்துவானே சொல்றார். அதே ராத்திரி மூர்ட்ஸூஃப்ளோஸ் ஓடிட்டான். ஹேகியா சோபியாவுல லாஸ்காரிஸ் குடும்பத்து ஆள் ஒருத்தரைப் பேரரசராத் தேர்ந்தெடுத்தாங்க, அவர் வராங்கியர்களைப் பாத்து சண்டைக்கு வாங்கன்னா அவங்க இதுதான் சமயம்னு சம்பளத்தை ஏத்திக் கேட்டாங்களாம். விடிஞ்சப்ப எதிர்க்க ஆளே இல்ல. ஜனங்க சிலுவையும் படமும் தூக்கிக்கிட்டு ஊர்வலமா வரவேற்க வந்தாங்க, யாரோ ஒருத்தன் புது ராஜா ஆவான், வழக்கம் போல ஆட்சி மாத்தம்தான்னு நினைச்சிருப்பாங்க போல.

மூணு நாள். சத்தியம் பண்ணினது எதுவும் நிக்கல. ஹேகியா சோபியாவோட பலிபீடத்தை உடைச்சுப் பங்கு போட்டாங்க, சுமை ஏத்தக் கழுதையை உள்ளயே கூட்டிட்டு வந்தாங்க, பளிங்குத் தரைல வழுக்கி விழுந்ததைக் குத்திக் கொன்னாங்க, தலைமைக் குருவோட ஆசனத்துல ஒரு விலைமகளை உக்கார வச்சுப் பாட விட்டாங்க. மார்ட்டின்னு ஒரு மடாதிபதி ஒரு கிழட்டுப் பாதிரியை மிரட்டி புனிதர்களோட எலும்பை அங்கி மடி நிறைய அள்ளிக்கிட்டுப் போனார்.

கோனியாதேஸ் வீடு இரண்டாவது தீயிலயே போச்சு, வேற வீட்டுல இருந்தார். அவர்கிட்ட பழகின ஒரு வெனிஸ் வியாபாரி போர் உடை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு, இந்த வீடு ஏற்கனவே என் பங்குன்னு சொல்லி வந்தவனை எல்லாம் திருப்பி அனுப்பினான். சமாளிக்க முடியாம போனதும் சனிக்கிழமை கிளம்பினாங்க, கர்ப்பிணி மனைவி, சின்னப் பிள்ளைங்க, கூட்டத்து இளம் பெண்கள் முகத்துல சேத்தைப் பூசிக்கிட்டு. வழில ஒரு சிப்பாய் ஒரு நீதிபதியோட மகளை இழுத்துக்கிட்டுப் போயிட்டான். கோனியாதேஸ் அவன் பின்னாடியே போய், தெருவுல போன வேற சிப்பாய்ங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சி, உங்க சத்தியம் என்னாச்சுன்னு கேட்டு, அவங்களை வச்சே அந்தப் பொண்ணை மீட்டுக்கிட்டு வந்தார். ஊருக்கு வெளிய கிராமத்து விவசாயிங்க, நல்லா வேணும், இப்ப எங்களை மாதிரி ஆனீங்களான்னு சிரிச்சாங்களாம். தலைநகரத்து மேல நாட்டுப்புறத்துக்கு எவ்வளவு கோவம் இருந்திருக்கு பாருங்க.

கணக்கு முடிச்சப்ப

கொள்ளையைக் குவிச்சு எண்ணினாங்க. வெனிஸ் பங்கும் கடனும் கழிச்சு பிரெஞ்சுப் பக்கம் ஆளுங்களுக்குப் பிரிக்க இருந்தது 1,00,000 மார்க். குதிரை வீரனுக்கு 20, குதிரை வச்ச உதவியாளனுக்கு 10, காலாளுக்கு 5. பதுக்கினவனைத் தூக்குல போட்டாங்க, ஒரு பிரபுவோட வீரனையே கேடயத்தைக் கழுத்துல மாட்டித் தொங்க விட்டாங்க. நல்ல வீடெல்லாம் பெரிய ஆளுங்க முன்னாடியே எடுத்துக்கிட்டாங்கன்னு ரொபேர் புலம்பறார். 1201 ரேட்டுல ஒரு வீரன், ஒரு குதிரை, ரெண்டு உதவியாளுக்குக் கப்பல் கூலி மட்டும் 10 மார்க். ரெண்டு வருஷம், ரெண்டு முற்றுகை, ஒரு பேரரசு, கைக்கு வந்தது 20. ஜெருசலேம் பக்கம் இந்தப் படைல போனவங்க ரொம்பக் கொஞ்சம், எகிப்துக்குப் போகவே இல்ல.

பழங்கால கிரேக்க சிற்பி லிசிப்போஸ் செஞ்ச ஹெர்குலிஸ் வெண்கலச் சிலை, கட்டைவிரலைச் சுத்தின கயிறு ஒரு ஆளுக்கு இடுப்புக் கச்சை ஆகும்னு கோனியாதேஸ் சொல்றது, அதை உருக்கிக் காசு அடிச்சாங்க. வெனிஸ்காரங்களுக்கு ரசனை இருந்துச்சு, நாலு வெண்கலக் குதிரையை உருக்காம எடுத்துக்கிட்டுப் போனாங்க, இன்னிக்கும் புனித மார்க் தேவாலயத்துல இருக்கு.

படைத் தலைவர்கள்ல ஒருத்தரான ஃபிளாண்டர்ஸ் பால்ட்வின் மே 16 புதுப் பேரரசரா பட்டம் கட்டினார், அடுத்த வருஷமே அட்ரியானோபிள் கிட்ட பல்கேரிய ராஜா கலோயான் கைல மாட்டி, திரும்பவே இல்ல. டான்டோலோவும் 1205ல செத்து ஹேகியா சோபியாவுக்குள்ளயே புதைச்சாங்க. மூர்ட்ஸூஃப்ளோஸைப் பிடிச்சு தியோடோசியஸ் தூண் உச்சில இருந்து தள்ளிக் கொன்னாங்க.

பிடிச்ச ஊரை வச்சுக் குடித்தனம் பண்ணவும் காசு வேணுமே. கடைசி லத்தீன் பேரரசர் இரண்டாம் பால்ட்வின் காலத்துல அரண்மனைக் கூரையோட ஈயத்தைப் பேத்து வித்தாங்க. ஏசு தலைல வச்ச முள்முடின்னு நம்பினதை வெனிஸ் வியாபாரிகிட்ட அடமானம் வச்சாங்க, மீட்க முடியாம பிரான்ஸ் ராஜா ஒன்பதாம் லூயி பணம் கட்டி வாங்கி பாரிஸ் கொண்டு போனார். அப்புறம் அடமானம் வைக்கப் பொருள் இல்ல, பால்ட்வின் பெத்த மகன் ஃபிலிப்பையே வெனிஸ் வியாபாரிங்ககிட்ட ஈடா விட்டார், காஸ்டில் ராஜா பத்தாம் அல்ஃபோன்சோ காசு கொடுத்துதான் பையன் வெளிய வந்தான். 1261 ஜூலைல லத்தீன் படையும் வெனிஸ் கப்பலும் வேற ஒரு தீவைப் பிடிக்கப் போயிருந்த சமயம், கிரேக்கத் தளபதி ஸ்ட்ராடெகோபூலோஸ் சில நூறு பேரோட ராத்திரில உள்ள நுழைஞ்சு ஊரைத் திருப்பி எடுத்துட்டார். பால்ட்வின் வெனிஸ் கப்பல்ல தப்பிச்சுப் போய், கைல இல்லாத பேரரசு மேல இருந்த உரிமையை 1267ல ஒன்பதாம் லூயியோட தம்பி ஆஞ்சூ சார்லஸுக்கு எழுதிக் கொடுத்தார், அந்த அடமானப் பையனுக்கு சார்லஸ் மகளைக் கட்டி வைக்கணும்ங்கறதும் அதே பத்திரத்துல ஒரு ஷரத்து.